வீங்கிய தாடை பிரட்டுக்குக் காத்திருக்காது



பல்வலியை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். காலில் கத்தி பட்டால் லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். பல் வலித்தால் மட்டும் ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு மலைக்கு ஏறுகிறோம். காரணம் எல்லோருக்கும் தெரியும். வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து இதை எழுதுகிறோம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கின்றன. 1993இல் மூடப்பட்ட கந்தளாய் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு வெட்டிய கைகளும் இங்கே உண்டு. லயத்தை விட்டு வந்தாலும் பழக்கம் விடவில்லை. "பல்லுக்குப் போய் லீவா?" என்ற கேள்வி கங்காணியிடமிருந்து மட்டும் வருவதில்லை. நம் வாயிலிருந்தும் வருகிறது.

திருகோணமலை நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கந்தளாய், கிண்ணியா, மூதூரில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே பல் பிடுங்கக் காசு இல்லை. ஆனால் பற்சிகிச்சைப் பிரிவு பகலில்தான் நடக்கும். வலி இரவில் வரும். அந்த இரவைக் கடக்க வீட்டில் ஆயத்தம் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஒரு பழைய பால்மா டின் போதும். அதில் உப்பு, பெனடோல் அட்டை ஒன்று, கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட்ட வெள்ளைத் துணித் துண்டுகள், ஒரு சிறிய டோர்ச், ஓட்டோக் கூலிக்குக் கொஞ்சம் காசு, கிளினிக் கொப்பி ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். வலி வந்தால் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளியுங்கள். பெரியவர்கள் 500 மில்லிகிராம் பெனடோல் இரண்டை ஆறு மணிக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் அதிகம் மது குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அந்த அளவுக்குப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு.

செய்யக் கூடாதவையும் உண்டு. அஸ்பிரினை ஈறில் அழுத்தி வைத்தால் ஈறு வெந்துபோகும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை விழுங்காதீர்கள். வலியோடு காய்ச்சலும் இருந்தால் பெனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாம் மறக்கவில்லை. டெங்கு நேரத்தில் அஸ்பிரினும் புரூபனும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காவிட்டால், துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம், துப்ப வேண்டாம். அன்றைக்கு வெற்றிலை கூடவே கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிள்ளை விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டதா? அது பாற்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேற்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ ஒருமுறை அலசி, அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். பால் இல்லையென்றால் பிள்ளையின் உமிழ்நீரில் வையுங்கள். காய விடக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் போனால் அந்தப் பல் பிழைக்க வாய்ப்புண்டு.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், நாக்கு மேலே தள்ளி, மூச்சுத் திணறினால் அது வெறும் பல்வலி அல்ல. பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்குகிறது. அது சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிடும். விடியட்டும், பிரட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வெற்றிலையைப் பற்றிச் சொன்னால் நம் அம்மாமார் கோபிப்பார்கள். குளிருக்கும் பசிக்கும் அது துணையாக இருந்தது உண்மை. ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், மூன்று வாரமாகியும் புண் ஆறாவிட்டால், வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். மாதம் ஒருமுறை டோர்ச்சை அடித்து ஒருவர் வாயை மற்றவர் பார்க்கலாம்.

இவ்வளவையும் வீட்டின் தலையில் வைத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்க நாங்கள் விடமாட்டோம். டின்னுக்குள் உப்பு வைக்கலாம். பல் வைத்தியரை வைக்க முடியாது. தோட்டத்தில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் துரையிடம் வைத்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது. ஒரு நூற்றாண்டு கடந்தும் வீங்கிய தாடை நோய்க் கணக்கில் சேரவில்லை. பல் சிகிச்சைக்குப் போன நாளுக்குத் துண்டைக் காட்டினால் பேர் போட வேண்டும். இரவில் நோயாளியை ஏற்ற வாகனம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நடமாடும் பற்சிகிச்சை வண்டி தோட்டங்களுக்கும் வர வேண்டும், வரும் நாளை முன்கூட்டியே பிரட்டுக்களத்தில் அறிவிக்க வேண்டும்.

அடுத்த தலைவர் கூட்டத்தில் இந்த மூன்றையும் உங்கள் கிளையின் பேரில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன், இன்றிரவே அந்த டின்னை எடுத்துக் கழுவி வையுங்கள்.