அதிர்கிறது, ஆனால் கேட்கிறதா?



பள்ளிகளில் கலை இரவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் ஏற்பாடு தொடங்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு குரல் தவறாமல் எழுகிறது. “போன ஆண்டு சத்தம் போதவில்லை. இவ்வாண்டு பெரிய ஸ்பீக்கராகப் போடுங்கள். பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும்!” உடனே பலரும் தலையாட்டுகின்றனர். வாடகைச் செலவு உயர்கிறது. விழா நாளில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்கிறது. சன்னல் கண்ணாடி நடுங்குகிறது. மேடையில் பாடிய மூன்றாம் ஆண்டுச் சிறுமியின் பாட்டில் ஒரு சொல்கூட, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவள் தாய்க்கு விளங்குவதில்லை.

இந்தப் போக்கு கண்டிக்கத்தக்கது. பேஸ் கிட்டாரை எதிர்த்து எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. நம் மேடைகளில் மிகுந்த அநீதிக்கு உள்ளாகும் கருவியே அதுதான். அதன் பெயரால் இரைச்சலை வளர்க்கிறோம். அதன் இசையையோ எவரும் கேட்பதில்லை.

1. பேஸ் என்பது இடி அன்று

1951-இல் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு அது கைக்கடக்கமான மாற்றாக அமைந்தது. ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளால் சுரம் பிசகாமல் வாசிக்க முடிந்ததால் அப்பெயர் வந்தது. பெயரிலேயே துல்லியத்தைத் தாங்கிய கருவியை நாம் இடிமுழக்கத்துக்குப் பயன்படுத்துகிறோம் என்றால் குறை யாரிடத்தில்?

நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்த ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தவை 55, 73, 98 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியை உணர்வதில் மனிதச் செவி மந்தமானது. இதனை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினர். ஆயினும் பேஸை நாம் கேட்கிறோம். எப்படி? ஒரு தந்தி அதிரும்போது 41 மட்டுமன்றி 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அவற்றைக் கொண்டே மூளை சுரத்தை இனங்கண்டு கொள்கிறது. ஆகவே பேஸ் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றே உயர்த்த வேண்டும். நம்மவர்களோ 60 ஹெர்ட்ஸ் திருகை வலக்கோடி வரை திருகிவிட்டு, “இன்னும் கேட்கவில்லையே!” என்கிறார்கள்.

அமெரிக்காவின் மோடவுன் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எண்ணிப் பாருங்கள். வலக்கையின் ஒற்றை விரலால் மீட்டியவர். அவருடைய பேஸ் பெரும்பாலும் நேராகவே ஒலிப்பதிவு மேசைக்குள் செலுத்தப்பட்டது. அந்தப் பாடல்களை உலகம் கேட்டது சிறு வானொலிப் பெட்டிகளிலும் கார் வானொலியிலும். 41 ஹெர்ட்ஸ் ஒலியை அப்பெட்டிகளால் எழுப்பவே இயலாது. இருந்தும் அவர் வாசித்த வரிகள் கேட்டன. காரணம், அவர் விரல்.

அமெரிக்கா வரை போவானேன்? இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு குரலாகப் பாட்டுக்கு எதிர்மொழி பேசுவதைப் பழைய ஒலிநாடாக்களிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? நம் மிருதங்கக் கலைஞரைப் பாருங்கள். தாழ்ந்த நாதத்துக்காக இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புகிறார். தட்டிப் பார்த்து அளவைச் சரிசெய்கிறார். “ரவையை இன்னும் அரை கிலோ அப்புங்கள்” என்று எவரும் கேட்பதில்லை. பேஸ் கிட்டார் என்றதும் மட்டும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது?

2. வாட் வாங்கினால் இசை வருமா?

“சென்ற ஆண்டு 500 வாட், இவ்வாண்டு 1,000 வாட்” என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். திறனை இரட்டித்தால் ஒலியளவு 3 டெசிபெல்தான் கூடும். அது காதுக்குச் சிறிய மாற்றமே. ஒலி இருமடங்கானது போல் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்குத் திறன் தேவை. வரவுசெலவை இரட்டித்து வாங்கிய மாற்றம் அவ்வளவுதான்!

மண்டபத்தையும் கவனியுங்கள். 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். பளிங்குத் தரையும் செங்கல் சுவரும் கொண்ட மண்டபத்தில் அந்த அலை மோதித் திரும்பி, சில இடங்களில் குவிகிறது. சில இடங்களில் மறைகிறது. சுவர் மூலையில் ஒலிபெருக்கியை வைத்தால் தாழ்ந்த ஒலி மட்டும் வீங்கும். உள்ளே வெற்றிடமுள்ள மரமேடையின்மேல் பேஸ் பெருக்கியை வைத்தாலோ மேடையே ஒரு பறையாகிவிடும். இந்தக் குறைகளைக் கூடுதல் வாட் தீர்க்காது, பெருக்கும்.

மேடையில் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. மாணவன் பேஸ் வாசிக்க வருகிறான். சாதாரண கிட்டாருக்கான சிறு பெருக்கியில் அவனது கருவியைச் செருகுகிறார்கள். தாழ்ந்த ஒலிக்கு ஏற்ற கூம்பு அதில் இல்லை. அது கரகரக்கிறது, சில வேளை கிழிந்தும் போகிறது. பழியோ பையன் தலையில்! 34 அங்குலத் தந்தி நீளமுள்ள முழு அளவுக் கருவியைப் பன்னிரண்டு வயதுக் கையில் திணித்து, “விரல் எட்டவில்லை, இவனுக்கு வராது” என்று தீர்ப்பு வழங்குவதும் உண்டு. 30 அங்குலக் குறுங்கருவிகள் கடைகளில் இருப்பதை ஏன் விசாரிப்பதில்லை?

3. ழகரத்தை விழுங்கியது யார்?

இனி, தமிழாசிரியர் என்ற முறையில் என்னை உறுத்தும் செய்திக்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டு தொடங்கி ‘பல், பள், பழம்’ என்று நாவைத் திருத்துகிறோம். லகர ழகர ளகர வேறுபாட்டுக்கென்று எத்தனை பயிற்சித் தாள்கள்! அவ்வேறுபாட்டைக் காதுக்குக் காட்டும் நுட்பமான ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,500 ஹெர்ட்சுக்கு மேலேதான் உள்ளன. வலுத்த தாழ்ந்த ஒலிக்கோ தனக்கு மேலுள்ள மெல்லொலிகளை மூடி மறைக்கும் இயல்பு உண்டு. இது செவியின் அமைப்பிலேயே உள்ள இயல்பு. ஒலியமைப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராயினும் அதை மாற்ற இயலாது.

ஆகவே பேஸ் அளவுமீறி வீங்கும்போது முதலில் சாவது மெய்யெழுத்து. ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகின்றன. ஆறு மாதம் பயிற்றுவித்த உச்சரிப்பை ஆறு நிமிடத்தில் புதைக்கிறோம். பிறகு, “பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பே சரியில்லை” என்று அதே மண்டபத்தில் சிறப்புரையும் ஆற்றுகிறோம்! ஒரு தமிழ்ப்பள்ளியின் மேடையில் தமிழ் கேட்கவில்லை என்றால், அந்த விழா எதற்கு?

4. இவை குழந்தைகளின் காதுகள்

மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிமுறைகள் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு வகுத்த வரம்பு 85 டெசிபெல்; அது எட்டு மணி நேரக் கணக்கு. ஒலி 3 டெசிபெல் கூடும்போது பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனமும் இசை அரங்குகளுக்கென 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்கிறது. அது பெரியவர்கள் விரும்பிச் செல்லும் அரங்குகளையும் உள்ளடக்கிய உச்ச வரம்பு. ஒலிபெருக்கியின் முன்னால் ஏழு வயதுக் குழந்தைகளை மூன்று மணி நேரம் தரையில் அமர்த்தும் நாம், அந்த வரம்பின் அருகே செல்லவும் உரிமை உடையவர்களா? உட்செவியின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

5. சாக்குகள்

“வாடகைக்கு வந்தவர் பார்த்துக்கொள்வார்.” அவருக்குக் கருவி தெரியும், உங்கள் மாணவியின் பாடல் வரி தெரியாது. எது கேட்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

“கூட்டம் இதைத்தான் விரும்புகிறது.” கூட்டம் நொறுக்குத் தீனியைக்கூட விரும்பும், சிற்றுண்டிச் சாலையில் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறோமே! பள்ளி விழா பள்ளியின் நீட்சி. அங்கே சுவையையும் கற்பிக்கத்தான் வேண்டும்.

“நம்மிடம் பணம் இல்லை.” நான் சொல்வதில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை. எஞ்சியதற்கும், கூடுதல் ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி போதும்.

6. செய்ய வேண்டியவை

அ. பேஸ் கிட்டாரை டிஐ பெட்டி வழியாக ஒலிக்கலவை மேசைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீண்ட கம்பியில் இரைச்சல் ஏறாமல் காக்கும் சிறு பெட்டி அது. ‘உம்’ என்ற முனகல் வந்தால் அதிலுள்ள நிலத்தொடர்பு விசையை மாற்றிப் பார்க்கலாம்.

ஆ. மேடைப் பெருக்கி வாசிப்பவனுக்குக் கேட்கும் அளவே இருக்கட்டும். அதனைத் தரையில் வைக்காமல் நாற்காலி உயரத்தில், அவன் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். தானே ஒலியைக் கூட்டும் தேவை அவனுக்கு வராது.

இ. பாடும் ஒலிவாங்கிகள் அனைத்திலும் 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடுங்கள். குழந்தையின் குரல் அங்கே இல்லை. மேடையின் அதிர்வுதான் இருக்கிறது. பல மேசைகளில் இதற்குத் தனிப் பொத்தானே உண்டு.

ஈ. பேஸ் குழம்பினால் முதலில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் குறையுங்கள். கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

உ. வாசிக்கும் மாணவனுக்குச் சுரத்தை நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். அடுத்த சுரம் தொடங்குமுன் முந்தைய தந்தியை விரலால் அடக்க வேண்டும். எந்தக் கருவியாலும் செய்ய இயலாத தெளிவு இதனால் கிட்டும்.

ஊ. ஒத்திகையில் ஒலியைச் சோதிக்கப் பாடலை முன்பின் கேட்டிராத பெற்றோர் ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்துங்கள். பயிற்றுவித்த ஆசிரியருக்கு வரிகள் மனப்பாடம். கேட்காததும் கேட்டது போலவே தோன்றும். அந்தப் பெற்றோர் வரிகளைத் திருப்பிச் சொல்ல முடிந்தால் ஒலி சரி. முடியாவிட்டால் பேஸையும் முரசையும் குறையுங்கள். கூட்டம் நிறைந்தபின் மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். மனித உடல்கள் உயர்ந்த ஒலியை உறிஞ்சும் அளவுக்குத் தாழ்ந்த ஒலியை உறிஞ்சுவதில்லை. ஆதலால் நிறைந்த மண்டபத்தில் பேஸ் மேலும் ஓங்கும்.

அடுத்த கூட்டத்தில் “பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும்” என்ற குரல் எழும்போது நீங்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பிள்ளைகள் பாடுவது என்ன என்று யாருக்கேனும் கேட்டதா?” அதற்கு விடை கிடைத்த பிறகு வாட் கணக்கைப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்