கைப்பேசி இல்லாத பிள்ளைக்கும் காணொலிப் பாடம்

'வீட்டில் கைப்பேசியில் பார்த்துவிட்டு வா' என்று ஆசிரியர் சொன்னால், சேரியிலிருந்து வரும் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போகிறது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் விடிந்ததும் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்விடும். இரவில் வரும்போது சார்ஜ் இருக்காது. இருந்தால் டேட்டா இருக்காது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 'படிக்காதவன்' என்ற பெயர்.

தமிழகத்தில் பாடக் காணொலிகளுக்குப் பஞ்சமில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இவை யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பதே கேள்வி. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இருந்த வீட்டில் படிப்பு தொடர்ந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலி வேலைக்குப் போனார்கள்.

ஆகவே காணொலியை வீட்டுப்பாடமாகத் தராமல், வகுப்பறையிலேயே எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று எழுந்து கேட்க, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குத் தயக்கம் உண்டு. காணொலியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். யாரும் ஏளனம் செய்யப் போவதில்லை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் படம் கைகொடுக்கும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்குத் திரையில் ஓடும் எழுத்தும் சைகை மொழியும் வேண்டும்.

ஆனால் திரையைப் போட்டுவிட்டு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். ஊர்ப் பேச்சில் விளக்க வேண்டும். திரைக்கு முன்னால் யார், கடைசி வரிசையில் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தெருவில் உள்ள பிரிவினை வகுப்பறைக்குள் வந்துவிடக் கூடாது.

மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் தனித் துறையின் கீழ் நடக்கின்றன. மற்ற அரசுப் பள்ளிகளுக்கு வரும் திரையும் இணையமும் அங்கும் அதே வேகத்தில் வர வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் இடத்தில் காணொலியைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது.

பெற்றோர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம். நம் பள்ளியில் திரை இருக்கிறதா? அது வேலை செய்கிறதா? வாரத்தில் எத்தனை நாள் போடுகிறார்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி வைத்தால்தான் அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்க முடியும்.