பெரணி வெளுத்தா பட்டாசுதான் காரணமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு பக்கம் மலையேறிட்டு வந்து, வெளிறிப்போன பெரணி இலையை யாராவது போட்டோ எடுத்துப் போட்டா போதும். "எல்லாம் சிவகாசி கந்தகம் பண்ற வேலை"ன்னு ஒருத்தர் தீர்ப்பு எழுதிடுவார். அந்த மலை 1988ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021ல் புலிகள் காப்பகத்தோட சேர்ந்த காடு. அக்கறை நியாயம்தான். ஆனா தீர்ப்புக்கு முன்னாடி இலையைக் கொஞ்சம் பாருங்க சாமி!

சில பெரணிக்கு வெள்ளைங்கறது வியாதியே இல்லை, பிறவிக்குணம். டெரிஸ் அர்ஜீரியா இலையில நடுவுல வெள்ளிக்கோடு ஓடும். வெள்ளிப் பெரணிக்கு அடிப்பக்கம் மாவு பூசின மாதிரி இருக்கும். கையில வச்சு ஒரு தட்டு தட்டினா அச்சு அப்படியே விழும்.

நிஜமாவே வெளுத்திருந்தா அடுத்த கேள்வி, எந்த இலை? இளசு வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா இருந்தா பெரும்பாலும் இரும்புச்சத்து குறை. மண்ணுல சுண்ணாம்பு அதிகமானா, இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அடியில இருக்கற பழைய இலை முதல்ல மஞ்சளானா தழைச்சத்து குறை. மரம் விழுந்து நேர் வெயில் பட்டா, நிழல்ல வளர்ந்த செடி மொத்தமா வெளிறும்.

கந்தக டை ஆக்சைடும் நரம்புக்கு நடுவுல இலையை வெளுக்க வைக்கும், மறுக்கலை. ஆனா அது கந்தகம் எரிஞ்சாத்தான் வரும். ஆலையில கந்தகத்தைக் கலந்து அடைக்கறாங்க. பெரும்பகுதி எரியறது தீபாவளிக்கு உங்க தெருவுல! புகைதான் காரணம்னா, பக்கத்துல இருக்கற மத்த செடிகள்லயும் அடையாளம் தெரியணும். ஒரே ஒரு பெரணி மட்டும் வெளுக்காது.

எங்க ஊர்ங்கறதுக்காக ஜால்ரா அடிக்கறேன்னு நினைக்காதீங்க. பட்டாசுத் தொழிலைக் கேக்க வேண்டிய கேள்வி நிறைய இருக்கு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறமும் விபத்து நிக்கலை. பேரியம் உப்புக்கு உச்சநீதிமன்றம் 2018ல் தடை போட வேண்டியிருந்தது. இதெல்லாம் ஆதாரத்தோட நிக்கற குற்றச்சாட்டு. இதுகூட பாக்காம சொன்ன ஒண்ணைச் சேர்த்தா, அந்த ஒண்ணைப் பொய்னு காட்டிட்டு மத்ததையும் தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. நஷ்டம் முதலாளிக்கு இல்லை, மருந்து அடைக்கற தொழிலாளிக்குத்தான்.

அதனால மக்கா, அடுத்த தடவை போட்டோ போடும்போது இலையோட அடிப்பக்கம், பக்கத்துச் செடி, இடம், தேதி எல்லாம் சேர்த்துப் போடுங்க. இலையைப் பறிக்காதீங்க, அது காப்பகம். அப்புறம் பின்னூட்டத்துல உக்காந்து சண்டை போடலாம் :)