பிள்ளைக்கு ஓர் ஆரோன்



யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தை இவ்வாரம் மறுபடியும் வாசியுங்கள். தேவன் அழைத்தபோது, தனக்குப் பேச்சு வராது என்று மோசே தயங்கினார். அவருடைய நாவு அன்றே சரளமாகிவிட்டதாக அங்கே எழுதப்படவில்லை. கர்த்தர் தமது அழைப்பைத் திரும்பப் பெறவுமில்லை. பேசுவதற்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். அதனால் மோசேயின் ஊழியம் குறைவுபட்டதென்று எவரும் எண்ணுவதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் பெற்றோரே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். வாயால் கேட்டால் விடை சொல்லும் பிள்ளை, தாளில் எழுதும்போது தடுமாறுகிறது. எழுத்துகளை மாற்றிப் போடுகிறது. ஒரு வரியை வாசிக்க நெடுநேரம் எடுக்கிறது. இது அறிவுக் குறைவன்று. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். நாமோ அதைச் சோம்பல் என்கிறோம், டியூஷனைக் கூட்டுகிறோம், பிரம்பையும் எடுக்கிறோம்.

பார்வையற்ற பிள்ளைக்கு வேறு முறையில் கற்பிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பூவிருந்தவல்லியிலேயே அதற்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இயங்கி வருகிறது. வெளியே தெரியாத குறைபாட்டுக்கு மட்டும் நம் மனம் ஏன் இரங்குவதில்லை?

சட்டம் இதை உணர்ந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குறைபாட்டை விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, தலைமையாசிரியரின் அறையில் நீங்கள் சலுகைக்காகக் கையேந்தி நிற்கவில்லை. பள்ளியின் கடமையை நினைவூட்டுகிறீர்கள்.

வாய்மொழியாகச் சொன்னது மறக்கப்படும். எனவே மதிப்பீடு வேண்டுமென்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் பள்ளி முத்திரையுடன் கையொப்பம் பெறுங்கள். பிள்ளைக்கு 8 வயதாகிவிட்டால் அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு. சொல்வதை எழுதுபவர் யார்? அவரே அந்தப் பிள்ளைக்கு ஆரோன். தேர்வு ஆண்டு வரும்வரை காத்திராதீர்கள்.

ஆசிரியரைப் பகைக்கும்படி நான் சொல்லவில்லை. நிறைந்த வகுப்பில், இதற்கென்று பயிற்சி பெறாமல் உழைக்கிறவர்கள் பலர். பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களை எடுத்துச் சென்று, அமைதியாகப் பேசுங்கள். ஆனால் "வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லுக்கு மட்டும் தலையசைத்துத் திரும்பி வராதீர்கள்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறீர்களோ? முட்டாள் என்னும் முத்திரை முன்னமே விழுந்துவிட்டது. தினமும் அதைச் சுமந்துகொண்டுதான் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. சரியான பெயர் அந்தப் பொய்ப் பெயரை நீக்கும். "ஜெபிக்கிறோம், சரியாகிவிடும்" என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஜெபியுங்கள், விண்ணப்பத்தையும் எழுதுங்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. ஷிப்டு வேலைக்குப் போகும் தகப்பனுக்குப் பள்ளிக்கு ஒருமுறை செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, மனு எழுதிக் கொடுங்கள், கூடவே செல்லுங்கள். ஞாயிறு பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளையை எல்லார் முன்பாகவும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதிருங்கள். வசனத்தைக் கேட்டுச் சொல்ல விடுங்கள்.

உங்கள் பிள்ளைக்காகப் பேச உங்களுக்குத் தைரியத்தைக் கர்த்தர் தருவாராக. ஆமென்.