வீட்டுக்குள் வெடிமருந்து: யாருடைய லாபத்துக்கு?

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்து, புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி அடைத்துக்கொள்வார்கள். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். இந்தக் காட்சிகள் இன்று கைப்பேசி வழியாக ஒரகடத்து வாடகை அறைகளுக்குள்ளும் வந்துவிட்டன. ஷிப்டு முடிந்து வந்து படுக்கும் இளந்தொழிலாளி அவற்றைப் பார்க்கிறான். "நாமும் வீட்டில் அடைத்துப் பார்த்தால் என்ன?" என்ற எண்ணம் எவனுக்காவது எழுமானால், அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

தோழனே! தொழிலாளி வீட்டுக்குள் வெடிமருந்து நுழைந்தால் அது தொழிலாளிக்காக நுழைவதில்லை. வேறொருவனுடைய லாபத்துக்காக நுழைகிறது. லாபம் அவனுக்கு, கருகிய கையும் சிறைவாசமும் உனக்கு.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாக்கி 1791லேயே அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். துப்பாக்கி முதலாளிகளுக்கு அன்று பிடித்த யோகம் இன்றும் தீரவில்லை. தோட்டாவும் விற்கிறார்கள், வீட்டில் அடைப்பவனுக்கு மருந்தும் குப்பியும் கருவியும் விற்கிறார்கள். அங்கேயும் மருந்தின் அளவு தவறினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கிறது. பொழுதுபோக்கு என்ற பெயரால் உயிரோடு விளையாட வைத்துக் காசு பார்க்கும் வியாபாரம் இது.

இங்கே நிலைமை வேறு. 1857 கிளர்ச்சியைக் கண்டு நடுங்கிய வெள்ளை ஏகாதிபத்தியம் 1878ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம்; வெள்ளைக்காரனுக்கு விலக்கு! சுதந்திரத்துக்குப் பிறகு 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது குற்றம். 2019ல் செய்த திருத்தத்தின்படி அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். வீட்டில் தோட்டா அடைக்கத் தொடங்குகிறவன் தன் வாலிபத்தையே சிறைக்கு எழுதிக் கொடுக்கிறான்.

வெடிமருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். நாம் கேட்பது இதுதான்: அந்தக் கடுமை யார் மீது பாய்கிறது? பெருமுதலாளி தோட்டா செய்ய வந்தால் ரத்தினக் கம்பளம்! 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நடத்திவந்த வாரியத்தை 2021 அக்டோபர் 1ந் தேதி கலைத்து, 7 கம்பெனிகளாக்கியது மத்திய சர்க்கார். நீலகிரியில் நூறாண்டுக்கு மேலாக வெடிமருந்து செய்துவரும் அருவங்காடு தொழிற்சாலையும் அதில் தப்பவில்லை. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யவிருந்த தொழிலாளிகளை மிரட்ட அதே ஆண்டு தடைச் சட்டமும் வந்தது. 2024ல் கான்பூரில் அதானி குழுமத்தின் தோட்டாத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆயுதத்தில் லாபம் பார்ப்பவனுக்கு ஒரு நியாயம்; அதைச் செய்கிற தொழிலாளிக்கு ஒரு நியாயம்!

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலிருந்து தினந்தோறும் லாரி லாரியாகக் கழிவு இரும்பு வெளியேறுகிறது. அந்த ஸ்கிராப் ஒப்பந்தம் யார் கையில் என்பதில்தான் கோஷ்டிகளின் சண்டை. ஆள் பிடிக்கும் காண்டிராக்ட், தண்ணீர் லாரி, மனை வியாபாரம் என்று அது நீள்கிறது. அந்தச் சண்டையில் அரிவாளோடு நாட்டு வெடிகுண்டும் சேர்ந்துகொண்டது. 2023 ஏப்ரலில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வளர்புரம் ஊராட்சித் தலைவர், நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையிலேயே வெடிகுண்டு வீசப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டதை நாடறியும்.

இப்படிப்பட்ட குண்டுகளை அடைப்பவர்கள் யார்? ஒப்பந்தக்காரன் தன் மாடி வீட்டில் உட்கார்ந்து அடைப்பதில்லை. வேலை கிடைக்காத இளைஞனைப் பிடிக்கிறார்கள். அப்பன் உழுத நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், ஆலை வாசலில் "உள்ளூர் ஆள் வேண்டாம்" என்று விரட்டப்பட்டவனைப் பிடிக்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம், காதில் கொஞ்சம் வீரப் பேச்சு. மருந்து அவன் குடிசைக்கு வந்துவிடுகிறது. கை பிசகினால் சிதறுவது அவன் விரல்கள்; பக்கத்தில் தூங்குவது அவன் தாயும் தங்கையும். போலீஸ் வந்தால் விலங்கு அவனுக்கு. ஸ்கிராப் லாரி மட்டும் மறுநாளும் நிற்காமல் ஓடுகிறது!

வெடி என்றால் ரவுடிகளின் குண்டு மட்டுமல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் 2023 மார்ச் 22ந் தேதி பட்டாசு ஆலை வெடித்து எட்டுப் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள். விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ந் தேதி 19 பேருக்கு மேல் பலி. அங்கே லைசென்ஸ் ஒருவன் பெயரில், ஆலை உள்குத்தகையில்! அந்த மாவட்டத்தில் ஆலைக்குள் செய்ய வேண்டிய வேலையைத் திருட்டுத்தனமாக வீடுகளுக்கே கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. அடுப்பு எரிகிற வீட்டில், குழந்தை தவழ்கிற தரையில், உருப்படிக்கு இத்தனை பைசா என்று கணக்குப் போட்டு மருந்து அடைக்கிறாள் ஒரு தாய். ஷெட் கட்டும் செலவு முதலாளிக்கு மிச்சம், இன்ஷூரன்சும் மிச்சம், விபத்து நடந்தால் "அவள் என் தொழிலாளியே அல்ல" என்று கைகழுவி விடலாம்.

வயலிலும் இதே கதைதான். காட்டுப் பன்றி பயிரை அழிக்கிறது. கடன்பட்ட குத்தகை விவசாயி தீனிக்குள் வெடி வைத்த அவுட்டுக்காயை நாடுகிறான். அது பன்றியைத்தான் கொல்லும் என்பது என்ன நிச்சயம்? 2020ல் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று வெடியைக் கடித்து, வாய் சிதறி, ஆற்றில் நின்றபடியே செத்தது. மாடும் கடிக்கும், களையெடுக்கப் போகும் பெண்ணின் காலும் மிதிக்கும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுட்டு அப்புறப்படுத்தும் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அதைச் செய்ய வைப்பதும், அழிந்த பயிருக்கு நஷ்டஈடு வாங்குவதும் விவசாய சங்கத்தின் வேலை. அரசு செய்ய வேண்டியதற்கு ஏழை தன் கையைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

"பண்ணையாரிடம் துப்பாக்கி இருக்கிறது, முதலாளியிடம் குண்டர்கள் இருக்கிறார்கள், நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான ஆத்திரம். அதற்கு வெண்மணியே பதில் சொல்லும். 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற குற்றத்துக்காக, நிலப்பிரபுக்களும் அடியாட்களும் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒரே குடிசைக்குள் 44 உயிர்களைத் தீ வைத்துக் கொன்றார்கள். ஹைகோர்ட்டோ நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது. ஆனால் துப்பாக்கி வெல்லவில்லை! சங்கம் கலையவில்லை. 1969ல் கீழத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் போட சர்க்கார் நிர்ப்பந்திக்கப்பட்டது. அந்தக் கூலியைக் களத்துமேட்டில் அளக்க வைத்தது குடிசையில் அடைத்த தோட்டா அல்ல. அறுவடைக்கு இறங்க மாட்டோம் என்று ஒன்றாக நின்ற ஜனங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கண்ணெதிரே பார்த்தோமே! 2018ல் ஒரகடம் யமஹா தொழிலாளிகள், வேலைநீக்கம் செய்யப்பட்ட சகாக்களுக்காக ஐம்பது நாளுக்கு மேல் ஆலையை விட்டு வெளியே நின்றார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமானதால் கொதித்தெழுந்த பாக்ஸ்கான் பெண் தொழிலாளிகள் சென்னை-பெங்களூர் சாலையையே மறித்தார்கள். 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், தொழிலாளிகள் மசியவில்லை. 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. உலகை ஆட்டிப் படைக்கும் கம்பெனியை அசைத்த அந்தக் கைகளில் என்ன இருந்தது? வெடியா? தோட்டாவா? சங்கத்தின் கொடி இருந்தது!

வன்முறைக்குச் சாக்குக் கிடைக்காதா என்றுதான் ஆலை நிர்வாகங்களும் போலீசும் காத்திருக்கின்றன. தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஒரு வெடி பிடிபட்டால் போதும். கூலிப் போராட்டம் முழுவதற்கும் குண்டர் முத்திரை குத்திவிடுவார்கள். அந்தச் சாக்கை நாமே அடைத்துக் கொடுக்கலாமா?

ஆகவே நாம் கேட்கிறோம்: ஸ்கிராப், ஆள் சப்ளை ஒப்பந்தங்களில் கோஷ்டிகளின் பிடியை உடை! குண்டு அடைத்தவனோடு நிற்காமல், அடைக்கச் சொன்னவனையும் கூண்டில் ஏற்று! வீடுகளுக்குப் பட்டாசு மருந்து அனுப்பும் முதலாளியின் லைசென்சை ரத்து செய்! நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கொடு!

இளந்தோழர்களே! மருந்துப் பொட்டலத்தோடு எவனாவது உங்கள் வாசலுக்கு வந்தால், "இது யாருடைய லாபத்துக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல அவன் நிற்க மாட்டான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் பத்து விரல்களும் நமக்கு வேண்டும்: மிஷினை ஓட்டவும், வேண்டிய நாளில் அதை நிறுத்தவும்!