சுவர்களைக் காப்போம்

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2012இல் அந்நகரின் கலைவிழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் பழைய சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஆர்மீனியன் தெருவில், சுவரில் பொருத்திய நிஜ மிதிவண்டியில் இரு குழந்தைகள் செல்வதாக அவர் வரைந்தது பெரும்புகழ் பெற்றது. தெருக்களின் பழைய தொழில்களைக் கூறும் இரும்புக் கம்பிச் சித்திரங்களும் அங்குண்டு.

இவற்றை நடந்தே காண வேண்டும். அப்போதுதான் கடைவீடுகளும் குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சேர்ந்து நகரின் வரலாற்றைச் சொல்லும்.

வெயிலும் மழையும் வண்ணத்தை மங்கச் செய்கின்றன. தொடும் கைகள் தேய்க்கின்றன. அந்தத் தெருக்களில் மக்கள் வாழ்கிறார்கள். தொடாமல், வழி மறிக்காமல் பார்ப்பது பயணிகளின் கடமை. ஓவியங்களைப் பேணுவது நகர நிர்வாகத்தின் கடமை.