நூறு வாட்டில் ஆறு

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணி. சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த பூகம்பம் அந்தமானை உலுக்கியபோது, ஹைதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்தார். (அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) தீவுகளிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசப் பல ஆண்டுகளாகக் கிடைக்காத அனுமதி அந்த மாதம்தான் கிடைத்திருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவர் குரலைப் பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். தொலைபேசிகள் செத்துப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் அது பொழுதுபோக்காக இல்லை. யார் பிழைத்தார், யாரைக் காணோம் என்ற செய்திகள் அந்த ரேடியோ வழியே நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போயின.

இந்தக் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன விஷயத்தை யாரும் பேசுவதில்லை. ஓட்டல் மாடியில் இருப்பவருக்கு ஏரியல் கட்ட இடம் உண்டு. நிவாரணத்துக்குப் புறப்படும் ஜீப்புக்கு? பின்பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் எட்டடிக் கம்பி ஒன்றுதான்.

ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது பத்தரை மீட்டர் உயரக் கம்பி இருந்தால் ஏரியல் தானாகவே ஒத்திசையும். ஜீப்பில் நிற்பது இரண்டரை மீட்டருக்கும் குறைவு. பற்றாக்குறையை ஈடுகட்ட அடியில் ஒரு கம்பிச்சுருளைப் பொருத்துகிறார்கள். ரேடியோ ஏமாந்துவிடுகிறது. ஆனால் இயற்கை ஏமாறுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். இந்தக் குட்டைக் கம்பி அலையாக வெளியே அனுப்பும் சக்தியை ஒரு மின்தடையாக எழுதினால் அது சுமார் ஒன்றேகால் ஓம். இது பயனுள்ள பங்கு. மெல்லிய கம்பியில் நெருக்கிச் சுற்றிய சுருளின் தடை ஒன்பது ஓம் இருக்கலாம். வண்டியின் உடலும் கீழே உள்ள மண்ணும் விழுங்குவது இன்னொரு பத்து. ஆக, இருபது ஓமில் ஒன்றேகால்தான் நமக்கு. நூறு வாட் கொடுத்தால் ஆறு வாட் வெளியே போகும். மீதி சுருளையும் மண்ணையும் சூடாக்கும்.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் வைத்தியம், இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர். எனக்கு இதில் உடன்பாடில்லை. நூறு வாட் கருவியே பேசும்போது பேட்டரியிலிருந்து சுமார் இருபது ஆம்பியர் இழுக்கிறது. மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத தீவில் அது எத்தனை மணி நேரம் தாங்கும்?

செலவில்லாத வைத்தியம் வேறு. சுருளைத் தடித்த செப்புக் கம்பியில், சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு, அகலமாகச் சுற்ற வேண்டும். அதை அடியிலிருந்து கம்பியின் நடுவுக்கு ஏற்ற வேண்டும். அப்போது கீழ்ப்பாதி முழுவதும் மின்னோட்டம் ஏறக்குறைய குறையாமல் ஓடும். ஒன்றேகால் ஓம் இரண்டரையாகும். சுற்றுகள் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தேவைப்படும் என்பது உண்மைதான், ஆனாலும் லாபமே. உச்சியில் சைக்கிள் சக்கரம் மாதிரி நாலைந்து கம்பிகளை விரித்துவிட்டால் சுருளின் தேவையும் குறையும். பிறகு பானெட், கதவு, சைலன்சர் எல்லாவற்றையும் செப்புப் பின்னல் பட்டையால் சேஸிஸோடு பிணைக்க வேண்டும். இதில் முக்கால்வாசி செய்தாலே ஆறு வாட் பதினைந்தைத் தாண்டும். நூறு வாட் கருவியைத் தூக்கிப்போட்டு இருநூற்றைம்பது வாட் வாங்கியதற்குச் சமம். பேட்டரிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஏரியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள்ளை நம்புகிறார்கள். முள் ஒன்றில் நின்றால் பரம திருப்தி. கருவி எதிர்பார்ப்பது ஐம்பது ஓம். அந்தமானின் உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடித்து மொத்தத் தடை இருபதிலிருந்து ஐம்பதுக்கு ஏறினால் முள் அழகாக ஒன்றில் வந்து நிற்கும்! வெளியே போவது இரண்டரை வாட். நீங்கள் துருவைச் சுரண்டிப் பட்டைகளை இறுக்கினால் முள் இரண்டரைக்கு ஓடும். ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயப்படுவீர்கள். பயம் வேண்டாம். அடியில் சின்னதாக ஒரு பொருத்துச் சுருள் வைத்தால் முள் இறங்கும். நிஜமாக அளக்க வேண்டுமானால் ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு புலவலிமை மீட்டரை வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

உப்பு கெடுதல் மட்டும் செய்வதில்லை. கடல்நீர் சாதாரண மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஜீப்பை அலை தொடும் இடத்துக்கு அருகே நிறுத்தினால், உள்தீவில் கேட்காத சென்னை அங்கே கேட்கலாம். சுனாமி எச்சரிக்கை இருக்கும்போது இந்த யோசனை செல்லாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கார் நிகோபார் விவகாரம் வேறு. போர்ட் பிளேரிலிருந்து அது இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நேர்கோட்டில் போகும் வி.எச்.எஃப். அலைக்கு எட்டாத தூரம். 7 மெகாஹெர்ட்ஸ் அலையை வானத்தில் செங்குத்தாக ஏற்றி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழச் செய்ய வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கம்பி தலைக்கு மேலே எதையும் அனுப்பாது. ராணுவ ஜீப்புகளில் ஏரியலை வளைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். வண்டி நின்றுவிட்டதென்றால் அதைவிட நல்லது, இரண்டு தென்னை மரங்களுக்கிடையே ஆளுயரத்துக்குச் சற்று மேலே இருபது மீட்டர் கம்பியைக் கட்டி நடுவில் கேபிளை இணைப்பது. இதற்குச் சுருளே வேண்டாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடி ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. இன்டர்நெட் வேகமாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் 2004-ல் நிலம் நகர்ந்ததும் கடலடியில்தான். மழைக்காலம் முடிந்ததும் நிவாரண வண்டிகளின் ஏரியலைக் கழற்றிப் பார்க்க ஒரு ஸ்பானர், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு மதியப் பொழுது போதும்.